மிளகாய் மூட்டை மேல் தவளை நீச்சல்

"காலை அகட்டு. இப்பச் சேத்து உதை. தவளை போறதப் பாத்ததில்லையா நீ," என்றார் லிங்கசாமி.

அவருடைய மளிகைக் கடையின் பின்கட்டில், மிளகாய் மூட்டை மேல் குப்புறப் படுத்திருந்த அழகையா உதைத்தான். மூட்டையின் வாய் பிரிந்தது. அடுத்த கால் மணி நேரம் ஆசிரியர் தும்மினார், மாணவர் தும்மினார், துவரம்பருப்பு வாங்க வந்த வேலாயியும் தும்மினாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் மூட்டை மேல என்ன பண்றீங்க?"

"நீச்சலு," என்றான் அழகையா, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

சொல்லியிருக்கக் கூடாது. வேலாயிக்குத் தெரிந்தால் குன்னூரைத் தாண்டி வெலிங்டன் வரை தெரிந்த மாதிரி.

அழகையா சிலோனிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. எஸ்டேட்டில் தினக்கூலி. அவனுக்கும் மனைவி வீரம்மாவுக்கும் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், கொடுத்திருந்த அறை, மழை பெய்தால் வெளியைவிட உள்ளேதான் அதிகம் நனையும். ஏழு பாத்திரம் வைத்தாலும் எட்டாவது ஒழுகல் வீரம்மாவின் தலைமாட்டில் விழும். அப்போது அவள் போடும் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். யாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதாக நினைக்க வேண்டாம். சுவர் அப்படி.

இந்த நிலைமையில்தான் குன்னூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஊர் விளையாட்டுக் கிளப்காரர்களின் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. கையெழுத்து. மழையில் மை ஓடியிருந்தது. அழகையாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால் லிங்கசாமி வாசித்தார்.

"குழந்தைகள் நீச்ச... பிள்ளைகளுக்கு நீச்சத்தண்ணி ஊத்த ஆளு கேக்கறாங்களாட்ட இருக்குது."

"நல்லாப் பாருங்க முதலாளி."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். 'குழந்தைகள் நீச்சல் ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் தேவை. நீச்சல் தெரி.தவராக இருக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் உண்டு.' கரைந்துபோன இடத்தில் அவரே கைக்காசு போடுவதுபோல் ஒரு 'ந்' போட்டு, 'தெரிந்தவராக' என்று நிரப்பினார். பத்தாவது பெயில் என்றாலும் தமிழில் அவர் கெட்டி.

அழகையாவின் காதில் விழுந்தது 'குவார்ட்டர்ஸ்' மட்டும்தான். நேரே கிளப்புக்குப் போனான். பெயர் எழுதிக்கொண்டவள் பிலோமி என்ற பெண்.

"நோட்டீஸை எழுதினதே நான்தான் அண்ணே. அதுல போட்டிருக்கிற மாதிரித்தானே இருக்கீங்க?"

"அச்சு அசலா அப்படியே இருக்கேன்," என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய் அது என்று பின்னால் வீரம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"அப்ப வர்ற மாசம் முதல் திங்கக்கிழமை வாங்க. குளத்துல இறங்கிக் காட்டணும்."

மிளகாய் மூட்டை கைவிட்டதும் அழகையா எஸ்டேட் தண்ணீர்த் தொட்டியில் இறங்கினான். பங்களாவுக்குக் குடிதண்ணீர் போகிற தொட்டி அது. சூப்பர்வைசர் நாச்சிமுத்து இடுப்பில் கைவைத்து மேலே நின்றார்.

"என்னப்பா இது?"

"பயிற்சிங்க."

"நல்லதாப் போச்சு. ஒரு மாசம் பயிற்சி எடு. வேலைக்கு வர வேண்டாம்."

அன்று லயத்தில் மழை இல்லாமலே சத்தம் கேட்டது.

"இருந்த வேலையும் போச்சு. ஒழுகுற காம்பராவும் போகப் போவுது. எனக்கு நீந்தத் தெரியாதுன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க. வாயா தேஞ்சிரும்?"

"இப்ப ஏலாது புள்ள. ஊரே நம்புது."

உண்மைதான். வேலாயி தன் பங்கைச் செய்திருந்தாள். அவன் சிலோனிலிருந்து நீந்தியே வந்தவன் என்று பேச்சாகிவிட்டது. "கப்பல்லதாங்க வந்தேன்" என்று அழகையா ஆளுக்கு ஆள் மறுத்தான். மறுநாள் அது, "கப்பல் கூடவே வந்தாராம், மன்னார்கிட்ட ஒரு தடவை முந்திட்டாராம்" என்று திரும்பி வந்தது.

கடைசியில் லிங்கசாமி அவனைக் காரமடையில் தன் மச்சான் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப்போனார். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டினார்.

"முதலாளி, நீங்க முதல்ல இறங்கிக் காட்டுங்களேன்."

"எனக்குச் சளி புடிச்சிருக்குது. நீ குதி."

அழகையா யோசித்தான். லிங்கசாமி யோசிக்கவில்லை, தள்ளிவிட்டார். முதல் நாள் கிணற்றில் ஒரு படி தண்ணீர் குறைந்தது. அவ்வளவும் அழகையாவின் வயிற்றில் இருந்தது. ஐந்தாம் நாள் குடுக்கை உடைந்தது. எட்டாம் நாள் எதிரே ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்தது. அன்றைக்குத்தான் நீச்சல் வந்தது. உண்மையான குரு அந்தப் பாம்பு என்பதை லிங்கசாமி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை குளத்தின் மேல் பனிமூட்டம் படர்ந்திருந்தது. கரையில் ஆறு டீச்சர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கையில் கயிறு, ஒருத்தி கையில் ரப்பர் டியூப், ஒருத்தி கையில் நீண்ட மூங்கில். பரீட்சை இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று அழகையா எதிர்பார்க்கவில்லை. கம்பளியோடு துணைக்கு வந்த வீரம்மா பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"கிட்ட வாங்கக்கா," என்றாள் பிலோமி.

"ஆத்தாடி, எனக்கு நீந்த ஏலாது. முழங்கால் தண்ணியைக் கண்டாலே கத்திருவேன்."

"நல்லாக் கத்துவீங்களா?"

"லயமே எந்திரிச்சு உக்காரும்."

பிலோமி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. அழகையா குதித்தான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தவளை நீச்சலில் போனான், மல்லாந்து திரும்பினான், யாரும் கேட்காமலே முங்கி எழுந்தும் காட்டினான். கைதட்டுவார்கள் என்று பார்த்தால், கயிற்றை வைத்திருந்தவள் அதைச் சுருட்டி வைத்தாள். டியூப் தரைக்குப் போனது. தபித்தாள் என்ற பெரிய டீச்சர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிவிட்டு, பிலோமியின் காதில் என்னவோ சொன்னாள்.

"போதுங்களா? இன்னும் ரெண்டு சுத்து வரவா?" என்றான் அழகையா, பல் கிட்டித்தபடி.

பிலோமி துண்டை அவன் தோளில் போட்டாள். குவார்ட்டர்ஸ் சாவியை, நன்றாகக் கத்தத் தெரிந்த வீரம்மாவின் கையில் வைத்தாள்.

"நீச்சல் தெரியாதவராக இருக்கணும்னு அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேனே அண்ணே, நீங்க இப்படி நீந்துனா இந்த டீச்சருங்க எல்லாம் யாரைக் காப்பாத்திப் பழகுறது?"