பங்காளியைக் காட்டிய கிழங்கு

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. மேலே தொழில் சித்தர் சோலைமலை அருள் வழங்குகிறார். கல்யாணம், செய்வினை எல்லாம் பழைய சரக்கு என்று விட்டுவிட்டார். பெயின்ட் அடிப்பவர், பைப் பூட்டுபவர், கேக் சுட்டு விற்பவர் எல்லோருக்கும் இப்போது ஒரே கவலை: தொழிலைத் தனியாளாகப் பதிவதா, கூட்டாகவா, கம்பெனியாகவா? அரசாங்கத்தின் பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அங்கே சாம்பிராணி போட மாட்டார்களே.

சித்தரிடம் பித்தளை அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர். நீங்களே ஒரு உருளைக்கிழங்கு வாங்கிப்போய் அதில் போட வேண்டும். மூழ்கினால் தனியாள். நடுவில் நின்றால் கம்பெனி. மிதந்தால் கூட்டு, அதுவும் மீன ராசிக்காரரோடு. இதுவரை ஒரு கிழங்கும் மூழ்கியதில்லை, நடுவில் நின்றதுமில்லை. மீன ராசிக்காரரைத் தேடி அலையவும் வேண்டாம். வாசல் பெஞ்சிலேயே கந்தப்பன் என்பவர் அடையாள அட்டையும் பேனாவுமாகத் தயாராக இருப்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் வீரம்மாவின் மகனுடைய சலூனில் பாதி அவருக்கு. டயகமவில் ஒரு கேக் வியாபாரத்தில் பாதி. லிந்துலையில் ஒரு த்ரீவீலில் பாதி. எந்தப் பாதி என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

அன்று எங்கள் பக்கத்து லயத்து கோகுலராஜ் வந்திருந்தார். இத்தனை காலம் அடுத்தவரின் கீழ் பிரஷ் பிடித்தவர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கும் வேலை அவர் பெயருக்கே கிடைத்திருந்தது. தொழிலைப் பதிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

கிழங்கைப் போட்டார். மிதந்தது. கூட்டம் கும்பிட்டது. லயத்துக்குப் பின்னால் கிழங்குத் தோட்டமே வைத்திருக்கும் வீரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கந்தப்பன் பேனா மூடியைத் திறந்தார். கோகுலராஜின் மனைவி தனுஷிகா குறுக்கே கை நீட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் இருங்க. சாமி, ஒரு சந்தேகம். நேத்து கறிக்குக் கழுவுனப்ப எல்லாக் கிழங்கும் அடியிலதானே கெடந்துச்சு?"

"அது கறிக் கிழங்கும்மா. இது அருள் கிழங்கு."

"ரெண்டும் ஒரே மூட்டைங்க சாமி. அப்ப இத வாசல்ல இருக்கிற அந்த வாளித் தண்ணியில போட்டுப் பாப்போமா?"

"கால் கழுவுற வாளியில சாமி இருக்காதும்மா."

அவள் அதற்குள் போட்டுவிட்டாள். கிழங்கு டொக்கென்று அடியில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சித்தர், கூட்டத்தைப் பார்த்து. "நான் சொல்லல?"

கூட்டம் மறுபடி கும்பிட்டது. தனுஷிகா அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. வாளித் தண்ணீரைப் பாதி கொட்டிவிட்டுக் கேட்டாள்:

"வீரம்மாக்கா, பையில உப்பு இருக்கா?"

"ரெண்டு பாக்கெட் இருக்கு. கொட்டு புள்ள, பாப்போம்."

கொட்டிக் கலக்கினாள். கிழங்கு மெல்ல அசைந்தது. பிறகு மேலே வந்து நின்றது.

"இப்ப கால் கழுவுற வாளிக்கும் அருள் வந்துருச்சுங்க சாமி."

ஒருவரும் கும்பிடவில்லை. வீரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கந்தப்பனிடம் திரும்பினார். "ஏன்யா, எம்மவன் சலூன்ல பாதிய உம்பேருக்கு எழுதுனியே, எப்ப திருப்பி எழுதப்போற?"

அதுவரை சித்தரைச் 'சாமி' என்றே கூப்பிட்டுவந்த கந்தப்பன் படிக்கு ஓடினார். செருப்புக் குவியலைக் கிளறியபடி அங்கிருந்து கத்தினார்: "மச்சான், எஞ்செருப்பக் காணோம். நீங்க சீக்கிரம் வாங்க."

கோகுலராஜ் பிரதேச செயலகத்துக்குப் போனார். வேலை எவ்வளவு பெரிது, நட்டம் வந்தால் யார் தாங்குவது, கணக்கு யார் எழுதுவது என்று அங்கே கேட்டார்களாம். கூட்டுத் தொழிலில் பங்காளி வைக்கும் கடனும் நம் தலையில் விழும் என்றார்களாம். கம்பெனி என்றால் கடன் பெரும்பாலும் கம்பெனியோடு நிற்குமாம், ஆனால் வருசாவருசம் கணக்குக் காட்ட ஆள் பிடிக்க வேண்டுமாம். யோசித்துத் தனியாளாகப் பதிந்துவிட்டார். தொழில் வளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தினம் கிழங்கு கழுவுகிற ஊர் நம்முடையது. அதே கிழங்கு மிதந்தால் கும்பிடுகிறோம். லிந்துலையில் இப்போது பூசணிக்காய் பேசுகிறதாம். போகிறவர்கள் ஒரு வாளியும் கொண்டுபோங்கள், மூளையையும் மறக்காமல்.