எலிக்குத் தண்ணீர் வைத்த அண்ணன்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. உன் ஆய்வகத்தின் இணையப் பக்கம் அதை வாரம் ஒருமுறை படத்தோடு அறிவித்துவிடுகிறது. போன வாரப் படத்தில் இளைத்துப்போயிருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு.

விஷயம் இதுதான். இனி உன் கட்டுரைகளில் என்னை மேற்கோள் காட்டாதே.

தினமும் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கணினியில் முதலில் உன் பெயரைத் தேடுவேன். என் பெயரை அல்ல. உன் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை ஏறியிருக்கும். வயிறு எரியும். அதன் பிறகுதான் எலிக்கூண்டுகளிடம் போவேன். எலிகளுக்குப் பொறாமை கிடையாது. பக்கத்துக் கூண்டை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளின் ரத்தம் ஏன் சரியாக உறைவதில்லை என்று எலிக்குட்டிகளை வைத்து நீ எழுதுகிறாய், உலகம் படிக்கிறது. கிழட்டு எலிக்கு ஏன் தாகம் குறைகிறது என்று நான் எழுதினேன். அச்சாகும் முன் இருவர் படித்தார்கள். அதில் ஒருவர் வேண்டாம் என்றார்.

அம்மா போன் செய்தாள்.

"தங்கச்சி கட்டுரைகளைப் பத்தி நாலாயிரம் பேர் எழுதியிருக்காங்களாமே. உன்னோடதைப் பத்தி?"

"பதினோரு பேரும்மா."

"பரவாயில்லப்பா. பதினோரு பேரும் நல்லவங்களா இருப்பாங்க."

அந்தப் பதினொன்றை நம்பித்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் நேர்முகத்துக்குப் போனேன். அதற்கு முன் வெகுகாலம் மூன்றாகவே இருந்தது. பதினொன்று ஆனதும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்திருந்தேன், எலிகளுக்கும் ஒரு துணுக்கு, அது விதிகளுக்குப் புறம்பு, யாரிடமும் சொல்லாதே. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் இருந்த குழுத் தலைவி என் பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுல மூணு நீங்களே உங்களைச் சொல்லிக்கிட்டது. சரி, எல்லாரும் பண்றதுதான். மிச்சம் எட்டும் ஒரே ஆய்வகத்துலேர்ந்து வந்திருக்கே சார், அங்க யாரு?"

"தங்கச்சி."

ஓரத்தில் இருந்தவர், "கொடுத்து வெச்சவர் சார் நீங்க. என் தங்கச்சி நான் போன் பண்ணாலே எடுக்க மாட்டா" என்றார்.

"எதுக்காக உங்களைச் சொல்லியிருக்காங்கன்னு படிச்சீங்களா?" என்று தலைவி கேட்டார்.

படித்ததில்லை. எண்ணிக்கை ஏறியதைப் பார்த்தேன், அது போதுமென்று இருந்தேன். அவரே உன் கட்டுரை ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படித்தார். 'எலிகளுக்கு முன்பு விவரிக்கப்பட்ட முறையில் தண்ணீர் வைக்கப்பட்டது.' அந்த வரியின் முடிவில் சின்னதாக முப்பத்தொன்று என்ற எண். கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலில் அந்த முப்பத்தொன்று நான். எட்டுக் கட்டுரைகளிலும் அதே வரி.

முடிவு அடுத்த மாதம். வெளியாட்கள் யாராவது என்னை மேற்கோள் காட்டியிருந்தால் அதைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

என் உழைப்பு முழுவதிலும் உனக்கு உதவியது, தண்ணீர்ப் புட்டியை எந்தச் சாய்வில் மாட்டினேன் என்பது மட்டும்தானா? நீயும் பாவம், தேடிப் பார்த்திருப்பாய். குறைமாதக் குழந்தைக்கும் கிழட்டு எலிக்கும் நடுவில் என்னை எங்கே நுழைப்பது? ஆனாலும் ஏன்டி இப்படிப் பண்ணின? நான் கேட்டேனா? சின்ன வயசுல சைக்கிள்ல பின்னாடி உட்கார வெச்சு ஊர் சுத்தினதுக்கா? அப்பவும் நீதானே வழி சொல்லுவ, நான் வெறுமனே மிதிப்பேன். நீ பாட்டுக்கு ஜெயிச்சுக்கிட்டே போயிருந்தா நானும் என் பாட்டுக்கு நிம்மதியா பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்திருப்பேன். ஒரு மனுஷனுக்கு அதுகூட இல்லாமப் பண்ணிட்டியே. காலையில உன் எண்ணிக்கையைப் பார்த்து வயிறு எரியறப்ப, எனக்குத் தண்ணி வெச்சதும் நீதான்னு ஞாபகம் வருது. எரியவும் மாட்டேங்குது, அணையவும் மாட்டேங்குது.

ஆகவே, இதோடு நிறுத்திக்கொள். நான் தோற்றால் என் சொந்தக் கணக்கில் தோற்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு என் முத்தம். உன் கட்டுரைகள் பெருகட்டும். நான் இல்லாமல் பெருகட்டும்.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் புதுக் கட்டுரை வந்தது. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். முப்பத்தொன்றில் யாரோ ஒருவர். முப்பதிலும் நான் இல்லை, முப்பத்திரண்டிலும் இல்லை. முதல் வரியிலிருந்து முழுக்கப் படித்தேன். உன் எலிகள் இந்த முறை தண்ணீரே குடிக்கவில்லையா? என்மேல் ஏதாவது கோபமா? மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அடுத்ததில் பழையபடி போட்டுவிடு. புட்டியை இப்போது இன்னும் கொஞ்சம் சாய்த்து மாட்டுகிறேன், ஒழுகுவதே இல்லை. அதையும் சேர்த்து எழுதலாம்.