நீங்கள் கொடுத்தனுப்பிய அத்தரைப் பற்றி

மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்கா ஜுவைனா அவர்களுக்கு,

மஸ்கட்டிலிருந்து தங்கள் ஒரே தம்பி கல்ஃபான் பணிவுடன் எழுதுவது. இறைவனின் சாந்தி தங்கள் மீதும், மச்சான் மீதும், சூரில் தங்கள் குரல் எட்டும் தூரத்தில் குடியிருக்கும் அத்தனை பேர் மீதும் உண்டாவதாக. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் பூனையும் நலம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது எப்போதும் நீங்கள்தான். இதையாவது நானே முடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பர்க்காவில் ரய்யா வீட்டுச் சம்பந்தம் கூடிவரவில்லை. நேற்று போனேன், நேற்றே முடிந்துவிட்டது. காரணம் நான் இல்லை. நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய அந்த அகில் அத்தர்க் குப்பி.

என் மனைவி ஷம்ஸா இறந்துபோய் நாலு வருஷத்தில் எனக்குப் பெண் பாருங்கள் என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சரக்கு மூட்டைகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன், நானே மீன் பொரித்து, நானே சாப்பிட்டு, மிச்சத்தைப் பூனைக்குப் போட்டுக்கொண்டு என் பாட்டுக்கு இருந்தேன். ரமலானுக்கு வந்த நீங்கள்தான் வாசலிலேயே நின்று முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, வீடு பூரா பொரிச்ச மீனும் முழங்கால் தைலமுமா நாறுது? இப்படியே விட்டா உன்னையும் பூனைன்னு நெனச்சு யாராவது விரட்டிடுவாங்க" என்றீர்கள். போன கையோடு பர்க்காவில் ஒரு விதவை ஆசிரியையைக் கண்டுபிடித்து, அவர் தம்பி ஹுமைதிடம் பேசி, தேதியும் குறித்து, "நல்லா மணக்கப் போடா" என்று உத்தரவும் போட்டு, குப்பியையும் அனுப்பிவிட்டீர்கள். குப்பியைத் திறந்து முகர்ந்தேன். அக்கா, பெரியவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அது மழையில் நனைந்த ஆட்டுக்கொட்டில். மூடி, குளியலறை அலமாரியில் பினாயிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, முத்ராவில் கமீஸின் அத்தர்க் கடைக்குப் போனேன்.

கமீஸை உங்களுக்குத் தெரியும், முப்பது வருஷமாக அத்தர் விற்பவர், அவருக்கே இப்போது எதுவும் மணப்பதில்லை என்று ஊரில் பேச்சு. என் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி போடுகிறவர் மாதிரி பார்த்துவிட்டு ஏழு இடத்தில் ஏழு சொட்டு வைத்தார். இடது மணிக்கட்டில் ரோஜா, வலது மணிக்கட்டில் சந்தனம், முழங்கை மடிப்பில் அம்பர், காதுக்குப் பின்னால் கஸ்தூரி, மற்றதை மறந்துவிட்டேன். குழம்பக் கூடாதென்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எண் போட்டுக்கொண்டேன். ரோஜா கமீஸ் கையில் தோட்டமாக மணந்தது. என் கையில் கால் மணி நேரம் சோப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. "வறண்ட தோல்ணே உங்களுது. எண்ணெயைக் குடிச்சிட்டு ஏப்பம்கூட விடாது" என்றார். சந்தனம் எங்கே போனது என்று இதுவரை தெரியவில்லை. கஸ்தூரி எனக்கு மணக்கவே இல்லை என்றேன். "அது போட்டுக்கிட்டவருக்கு மணக்காதுண்ணே, எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான்" என்றார். எதிரில் இருந்தது அவர்தான், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, தோலில் தங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று ஏழையும் சுமந்துகொண்டு வெளியே வந்தேன். வெயிலில் வியர்த்து எண்கள் அழிந்து, மூன்று நாலோடு சேர்ந்து, நாலு ஆறோடு சேர்ந்து, அசர் தொழுகைக்குப் பள்ளிக்குள் நுழையும்போது நான் ஒரு கல்யாண வீடு மாதிரியும் அந்தக் கல்யாணம் நடந்து மூன்று நாள் ஆன மாதிரியும் இருந்தேன். வலது பக்கத்துக்காரர் அரை அடி தள்ளி நின்றார். இடது பக்கத்துக்காரர் ஓரடி. இமாம் திரும்பிப் பார்த்து, "வரிசையில இடைவெளி விடாதீங்க, நெருங்கி நில்லுங்க" என்றார். யாரும் நெருங்கவில்லை. அவரே பார்த்தார், முகர்ந்தார், திரும்பிக்கொண்டு தொழுகையை ஆரம்பித்துவிட்டார். அந்த ரோஜாவையே அங்கியின் கழுத்துக் குஞ்சத்தில் தோய்த்துப் பார்த்தேன், மூன்று நாள் அழகாக மணந்தது. ஆக அத்தரில் கோளாறு இல்லை, துணியில் கோளாறு இல்லை, அறுபத்திரண்டு வயசுத் தோலில்தான் கோளாறு. இதை ஒருவன் தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொள்வது எவ்வளவு வருத்தம் என்று உங்களுக்குப் புரியாது.

அப்போதுதான் உங்கள் குப்பி ஞாபகம் வந்தது. எல்லாம் என் தோலில் செத்துப்போகிறதே, இதுவாவது உயிரோடிருக்குமா என்று எடுத்துக்கொண்டேன். ரொட்டி சுடச்சுட இருந்தால்தான் ருசி, அத்தரும் அப்படித்தான் என்று நினைத்து, பர்க்காவில் அவர்கள் வாசலில் காரை நிறுத்தியபிறகு திறந்தேன். ஒரு சொட்டு வைக்கப் போக, மூடிக்குச்சி வழுக்கி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓடிவிட்டது. கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டையும் போயிற்று.

ஹுமைத் தங்கமான மனிதர். உட்காரவைத்து, பேரீச்சம்பழமும் அல்வாவும் வைத்து, காவாக் காப்பி ஊற்றினார். நான் கையைத் திண்டுக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரய்யாவும் வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். கணக்கு ஆசிரியை என்றீர்களே, வகுப்பில் இருப்பவர் மாதிரி நேராகப் பார்த்துத்தான் கேட்டார்:

"பூனைக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

"பேர் வைக்கலைங்க. பூனைன்னு கூப்பிட்டா வருது."

"நாலு வருஷமா கூடவே இருக்கு, ஒரு பேர்கூட இல்லையா? பாவம், அதுக்கு உங்க மேல என்ன அபிப்பிராயமோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. நாலு வருஷத்தில் எனக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து ஹுமைத் மூக்கைச் சுளித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய், "கொட்டில் கதவு தொறந்திருக்கா பாரு, ஆடு உள்ள வந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தார். வந்தார், உட்கார்ந்தார், மறுபடி போனார். மூன்றாவது தடவை வந்தவர் ரய்யாவின் காதில் ஏதோ சொன்னார், ரய்யாவின் முகம் சிவந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்கு உயிர் போயிற்று. அடுத்த நிமிஷம் தூபச்சட்டி வந்தது. நான் வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, முதல் கோப்பைக் காவா இன்னும் கையில் இருக்கிறது. தூபம் வந்தால் விருந்தாளி எழுந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். "இருங்கண்ணே, எங்க கெளம்பிட்டீங்க" என்று ஹுமைத் மரியாதைக்குச் சொல்லத்தான் செய்தார். தாடியில் புகை காட்டிக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு, எழுந்து வந்துவிட்டேன். ரய்யா நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். வீட்டுக்கு வந்து, மஃரிப் தொழுதுவிட்டு, மீனைக்கூடப் பொரிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்தோ ஒரு நல்ல வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். ஜன்னலுக்குப் போனால் அங்கே இல்லை. என் கைதான். ஆட்டுக்கொட்டில் போன இடம் தெரியவில்லை, பழைய மரப்பெட்டியும் தேனும் கலந்த மாதிரி, மெதுவாக, பிடிவாதமாக மணக்கிறது. மற்ற ஏழும் தங்காத தோலில் இது ஒன்றுதான் தங்கி, மூன்று மணி நேரம் கழித்து வாயைத் திறக்கிறது. அதை முகர அங்கே நானும் பூனையும்தான். கொஞ்ச நேரம் கையை மூக்கிலேயே வைத்துக்கொண்டு அழுதேன் என்பதை மச்சானிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே இனி எனக்கு யாரையும் பார்க்க வேண்டாம். இது என் கடைசி முடிவு. குப்பியை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், மச்சானுக்குப் பூசுங்கள், அவருக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே. குழந்தைகளுக்கு என் முத்தம். தங்கள் முழங்காலுக்கும் என் பொறுமைக்கும் இறைவன் பலம் தருவானாக.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இந்தக் கதிக்கு வந்த தம்பி,
கல்ஃபான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹுமைத் போன் செய்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே, வந்த அன்னைக்கே வீடு அப்படி நாறிடுச்சு. வாடை தெரியாம இருக்கட்டும்னுதான் தூபம் போடச் சொன்னேன், நீங்க மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. எங்க அக்கா ராத்திரி சாப்பிடவே இல்ல. அந்த ஆட்டை நாளைக்கே சந்தையில தள்ளிடறேன்" என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். சம்பந்தமும் பிழைத்திருக்கும், மானமும் பிழைத்திருக்கும். ஆனால் அந்த ஆடு எனக்கு என்ன கெடுதல் செய்தது? "ஹுமைத், ஆட்டை விட்டுடுங்க. அது ஆடு இல்ல, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு ரய்யாவின் குரல்: "அப்ப நீங்க சாஞ்சிருந்த திண்டு? நேத்து ராத்திரிலேருந்து கூடமே மணக்குது. அதுல யாரையும் உட்காரவிடாம எடுத்து வெச்சிருக்கேன். அது யாரு?" அதுவும் நான்தான் என்றேன். அந்தச் சிரிப்பை இரண்டாவது தடவை கேட்டேன். வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு போகிறோம், முழங்கால் எப்படி இருந்தாலும் வந்து சேருங்கள். குப்பியை அனுப்பவில்லை. மதியமே பூசிக்கொள்ளப் போகிறேன்.