பெரியவருக்குப் பொழிப்புரை

மதத் தலைவர்கள் பேசுவார்கள், பக்தர்கள் கேட்பார்கள். உலகம் அத்தோடு முடிந்துவிட்டதாக நீங்கள் நினைத்தால் ஏமாந்தீர்கள். இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. நன்றாகப் படித்திருக்கும், நாலு பேருக்கு நல்லது நினைக்கும், பெண்ணுரிமை பற்றிக் கேட்டால் கண் கலங்கும். ஆனால் தலைவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலைத்தால், சொன்னவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவர் சொன்னதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்துவிடும். இதற்குப் பொழிப்புரையாளர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த பொழிப்புரையாளர் ஒரு பல் டாக்டர். இந்த வேலைக்கு அதைவிடத் தோதான தொழில் கிடையாது. பஞ்சும் கொக்கியும் உறிஞ்சு குழாயுமாக வாயைப் பிளந்து கிடக்கிறவர் எப்படி மறுத்துப் பேசுவார்? டாக்டர் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, தான் போகிற பிரார்த்தனைக் கூடத்தின் தலைவரான பெரியவர் போன வாரம் ஆற்றிய அருளுரையின் உட்பொருளை விளக்குவார். நாற்காலியிலிருந்து "ஆ... ஆ..." என்று சத்தம் வரும். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

"பெண்கள் தலைமை தாங்கினால் குடும்பம் உருப்படாது" என்று பெரியவர் ஒருமுறை திருவாய் மலர்ந்தார். அன்று மத்தியானமே டாக்டர் சாப்பாட்டு மேஜையில் பொழிப்புரையை இறக்கிவிட்டார்.

"பெண்கள் மேல சுமைய ஏத்தாதீங்கன்னு சொல்றார். உள்ளுக்குள்ள அவர் ரொம்ப முற்போக்கு."

அவர் மனைவி தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். எதையும் ஒரே குத்தில் முடித்துப் பழகியவள்.

"நாப்பது நிமிஷம் பேசினவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?"

"உனக்கு நுட்பம் புரியாது."

"குழம்பு ஆறுது. சாப்பிடுங்க."

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் டாக்டருக்கு ஒரு மகள் இருக்கிறாளே! லிஃப்ட் பழுது பார்க்கிறவள். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் குழிக்குள் தனியாக இறங்குகிற பெண். பிரார்த்தனைக் கூடத்தின் பாட்டுக் குழுவில் பதினாறு வயதிலிருந்து பாடுகிறாள். ஐந்து வருஷமாக ஒரு டிராயிங் டீச்சரோடு சேர்ந்து வாழ்கிறாள். டீச்சரும் ஒரு பெண். டாக்டருக்கு எல்லாம் தெரியும், அவர் ஏற்றுக்கொண்டும் விட்டார். விருந்தாளிகளிடம் மட்டும், "கூடத் தங்கியிருக்கிற பொண்ணு, வாடகை மிச்சமாகும் பாருங்க" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் நேரடியாகவே விஷயத்துக்கு வந்துவிட்டார். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் வாழ்கிறவர்கள் நோயாளிகள் என்றார். அப்படிப்பட்டவர்களின் குரல் இந்தக் கூடத்தில் ஒலிக்கலாமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு முடிவைச் சொல்வதாக அறிவித்தார். கூடத்தில் பாதித் தலைகள் பாட்டு மேடைப் பக்கம் திரும்பின. மகள் நேராகப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

மகளின் காரில் வீடு திரும்பும்போதே டாக்டர் ஆரம்பித்தார்.

"நோயாளின்னா என்ன? பரிவுக்கு உரியவங்க. கிளினிக்குக்கு வர்றவங்களை நான் வெறுக்கறேனா?"

"அப்பா, நிறுத்துங்க" என்றாள் மகள். "எனக்கு அர்த்தம் வேண்டாம். அடுத்த வாரம் எழுந்து நின்னு, 'அவ என் பொண்ணு, அவ பாடட்டும்'னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றார் டாக்டர். மனசாரத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. "அதுக்கு முன்னாடி மரியாதையா ஒரு கடிதம் போட்டுடுவோம்."

அங்கேதான் கெட்டது காரியம்.

பொழிப்புரையாளர்கள் தனியாக இயங்குவதில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு ஒரு வட்டம் இருக்கும். டாக்டரின் வட்டத்தில் ஏழு பேர். புதன்கிழமைதோறும் சாயங்காலம் கிளினிக்கின் காத்திருப்பு அறையில், ஈறு நோய் விளக்கப் படத்துக்குக் கீழே கூடுவார்கள். எந்தக் கடிதமும் ஒருமனதாகத்தான் போக வேண்டும் என்பது அவர்களது விதி. யாருக்காவது ஒரு வரி உறுத்தினால் அதை அடித்துவிடலாம். புதிதாக எதையும் சேர்க்க மட்டும் கூடாது. சேர்த்தால் மறுபடி முதலிலிருந்து விவாதிக்க வேண்டும், பஸ் போய்விடும்.

டாக்டர் எழுதிவந்த கடிதம் இருபத்திரண்டு வரி. நல்ல கடிதம்தான், நானே படித்திருக்கிறேன். "தங்கள் உரையைக் கவனமாகக் கேட்டோம், நன்றி" என்று தொடங்கி, "என்றும் தங்கள் வழிகாட்டுதலை நாடும்" என்று முடிந்தது. நடுவில் சூடான இருபது வரிகள் இருந்தன.

"'கண்டிக்கிறோம்' கொஞ்சம் காரமா இல்ல?" என்றார் கல்லூரிப் பேராசிரியர். அடித்தார்கள்.

"'வருந்துகிறோம்'னு போட்டா அவர் வருத்தப்படுவாரே?" என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அதையும் அடித்தார்கள்.

"எங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இது" என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டரேதான்.

"தனிப்பட்ட விஷயமாத் தெரிய வேண்டாம் பாருங்க. கொள்கை அளவுல நிக்கட்டும்."

ஒன்பது மணிக்கு மருந்துக்கடை அம்மாள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல மிச்சம் என்ன இருக்கு?"

"தொனி இருக்கு" என்றார் டாக்டர். "படிக்கிறவர் படிச்சா உறைக்கும்."

ஏழு கையெழுத்தும் விழுந்தன. மறுநாள் காலையில் டாக்டரே அதைப் பெரியவரின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பும்போது ஒரு பல்லவியை முணுமுணுத்துக்கொண்டு வந்தார் என்றால், மனிதருக்கு எவ்வளவு நிம்மதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்து வழிந்தது. பெரியவர் முடிவைச் சொன்னார்: இனி அப்படிப்பட்டவர்கள் மேடை ஏறக்கூடாது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"படித்தவர்கள் நம்மோடு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு டாக்டர், ஒரு பேராசிரியர் உட்பட ஏழு பேர் எனக்கு எழுதியிருப்பதைக் கேளுங்கள். 'தங்கள் உரையைக் கவனமாகக் கேட்டோம், நன்றி. என்றும் தங்கள் வழிகாட்டுதலை நாடும்...'"

கைதட்டல். மேடையிலிருந்து மகள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி முழங்கையால் இடித்தாள். எழுந்தார். ஆம், எழுந்தே விட்டார்! எழுநூறு பேர் உட்கார்ந்திருக்க, ஒற்றை ஆளாக நின்றார். அவர் தொண்டை வரைக்கும் அந்த வாக்கியம் வந்தது என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"என்ன டாக்டர்?" என்றார் பெரியவர், அன்பொழுக.

"ஒண்ணுமில்லைங்க..." டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மைக் கொஞ்சம் சத்தம் கம்மியா இருக்கு. பின்னாடி சரியாக் கேக்கலை."

உடனே சத்தத்தைக் கூட்டினார்கள். பெரியவர் நன்றி சொல்லிவிட்டு, பின்வரிசைக்காரர்களின் வசதிக்காகக் கடிதத்தை இன்னொரு முறை, முழுதாக, ஏழு பேருடைய பெயர்களோடும் படித்தார்.

மகள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போனாள். அவளுடைய அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே போனாள். டாக்டர் உட்கார்ந்தார். நடுவில் எழுந்து போனால் தவறாகப் புரிந்துகொள்வார்கள் அல்லவா?

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் உண்டு. கோபத்துக்கு அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பரிதாபமும் உண்டு. கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். மகள் தன் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் டிராயிங் டீச்சர். இந்த வாசலைத் தாண்டி அவளை யாரும் உள்ளே அழைத்ததில்லை. வாராவாரம் காரோடு வெளியே காத்திருப்பாள்.

"என்ன சொல்லப்பா எழுந்தீங்க?" என்றாள் மகள்.

"நான் எழுந்து நின்னதே ஒரு எதிர்ப்புதாம்மா. புரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

"எனக்குப் புரியலைப்பா."

டீச்சர் காரின் கதவைத் திறந்துவிட்டாள். கோபமே இல்லாத குரலில், விசாரித்தால் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள்:

"எனக்கு எல்லாம் நல்லாக் கேட்டுச்சு அங்கிள். ரெண்டாவது தடவை தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

டாக்டரின் மனைவியும் அந்தக் காரிலேயே ஏறிக்கொண்டாள். டாக்டர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். கிளினிக் இப்போதும் நடக்கிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. மகள் ஒருமுறை சொன்ன 'எனக்குப் புரியலைப்பா'வுக்கு, 'காலப்போக்கில் புரிந்துகொள்வேன் என்கிறாள்' என்பது அவருடைய சமீபத்திய பொழிப்புரை.

நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று தலையாட்டுகிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு சின்ன விஷயம். கூடத்தில் அவர் எழுந்த இடத்தைப் படித்தபோது, 'பாவம், மனுஷன் எழுந்தாவது நின்றாரே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் பதறாதீர்கள், யாருக்கும் தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் யார் உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டுக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.