கன்னத்துக்கு வந்த வேல்

தண்டாயுதபாணிக்கு நெஞ்சே நின்றுவிடும் போலிருந்தது. அது நிற்கவே கூடாத நெஞ்சு. மெட்ராஸில் அதைப் பிளந்து, பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அனுப்பியிருந்தார்கள்.

எதிரே அவர் மனைவி அமராவதி, கையில் முழ நீள வெள்ளி வேலோடு நின்றாள்.

"நீங்க பொழைச்சு வந்தா சிவன்மலை முருகனுக்கு அலகு குத்தறதுன்னு வேண்டிக்கிட்டனுங்க. நாளைக்குக் கிருத்திகை. உங்க கன்னத்துல ஒரே குத்து!"

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட்டபோதெல்லாம் வராந்தாவுக்கு ஓடியவள் இவள். இப்போது வேலின் முனையைத் தடவிப் பதம் பார்க்கிறாள்!

"ஏம்புள்ள, தெனமும் நான் முழுங்கற மாத்திரை எதுக்கு? ரத்தம் உறையாம இருக்கறதுக்கு! பனியன் கம்பெனியில துணி வெட்டறப்பக் கத்திரி லேசாப் பட்டதுக்கே ஒரு கூடை வேஸ்ட் துணி நனைஞ்சு போச்சு."

"அப்ப மாத்திரைய நிறுத்திப் போடுங்க."

"நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிக்கும். நான் போய்ச் சேந்துருவேன்!"

"அப்பறம் சாமிக்கு யாருங்க பதில் சொல்றது?"

 அவருடைய கட்டிங் மாஸ்டர் மூளை அவசரமாக ஒரு வழியை வெட்டியெடுத்தது.

"மொட்டை போட்டுக்கறேன். முருகனுக்கு அது போதும்."

சவரக்கத்தியும் கத்திதான் என்பது மறுநாள் சிவன்மலை அடிவாரத்தில் மொட்டைக்கு உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"சொகமுங்களாம்மா?" என்று அமராவதியை விசாரித்தார் நாவிதர் அய்யாசாமி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் ஆகட்டும்" என்றாள்.

பாதித் தலை ஆவதற்குள் காதோரத்தில் கத்தி கீறிவிட்டது. ரத்தம் சட்டைக் காலரைத் தாண்டியது. அய்யாசாமி படிகாரம் தேய்த்தார், நிற்கவில்லை. யாரோ திருநீறு அப்பினார்கள். அதுவும் சிவந்து வழிந்தது. அமராவதி அலறினாள். தண்டாயுதபாணி தம் சட்டைக்குள்ளிருந்த பனியனைக் கழற்றிக் கொடுத்தார். அய்யாசாமி அதை மடித்து வைத்து, பலத்தையெல்லாம் கூட்டி வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். ஒருவழியாக ரத்தம் அடங்கியது.

"உசுரு இருக்குதா?" என்று தம்மைப் பற்றியே கேட்டார் தண்டாயுதபாணி.

அமராவதி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா? வேண்டுதலை மாத்துனதுக்குச் சாமி கோவிச்சுக்கிச்சு! இனி ஒத்தக் கன்னம் பத்தாது. ரெண்டு கன்னத்துலயும் குத்தோணும்!"

பனியனிலிருந்து கையை எடுக்காமலே அய்யாசாமி நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மா, அய்யாவ மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி இதே எடத்துல நின்னு அழுதுக்கிட்டே, உங்க நாக்குல குத்திக்கறேன்னுதானுங்களே வேண்டுனீங்க?"