சிறைக்காவலன் கையில் வீட்டுச் சாவி

எனக்கு நடிப்பு வராது. இந்த எளிய உண்மையை நான் ஒப்புக்கொள்வதற்குள் காதர் என்கிற நல்ல மனிதன் இரண்டு கைகளும் கட்டுண்டு, திண்டுக்கல் ஊரே பார்க்க, முக்கால் மணி நேரம் மேடையில் நிற்க வேண்டியதாயிற்று.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தோம். யாருக்கும் சம்பளம் கிடையாது (நாங்கள் நடித்த நடிப்புக்கு அது நியாயம்தான்). பெஞ்சு சுமப்பது, படுதா தைப்பது, சணலில் தாடி செய்வது எல்லாம் நாங்களே. சுப்பையா வாத்தியார் நாடகம் எழுதி, ராஜா வேஷத்தைத் தனக்கே ஒதுக்கிக்கொள்வார். தோல் மண்டியில் வேலை பார்த்த காதர்தான் எப்போதும் கதாநாயகன். ஆறடி உயரம், மைக் வேண்டாத குரல். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான எனக்குச் சிறைக்காவலன் வேஷம்.

அதுவரை எங்கள் ஒத்திகை ஒரு அரிசி ஆலைக் களத்தில். நெல் காய்கிற நாட்களில் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் நாங்கள் போடவிருந்த நாடகம் ஒழுங்காக நடந்தால், அந்த ஹாலையே நிரந்தரமாக ஒத்திகைக்குத் தருவதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. கல்யாணமாகி மூன்றே மாதம். "மருமகன் கூத்தாடுறாராம்ல" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்த மாமனார், சேவுகம்பட்டியிலிருந்து நேரில் பார்க்க வந்திருந்தார்.

நாடகத்தில் காதரைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுவார்கள். கடைசிக் காட்சியில் அவன் நிரபராதி என்று தெரிந்து மன்னர் விடுதலை செய்வார். ஒத்திகையில் அட்டைப் பூட்டுத்தான் வைத்திருந்தோம். நான்தான் கிளப்பிவிட்டேன்.

"திண்டுக்கல்லுல அட்டைப் பூட்டா? ஊரு சிரிக்கும் சார்."

வாத்தியார் யோசித்தார். "அப்ப நீயே ஒண்ணு வாங்கிட்டு வா."

பூட்டுப் பட்டறை வைத்திருந்த செபஸ்தியானிடம் போனேன். அவர் உள்ளங்கை அகல மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அப்பு, இதுல வேற சாவியப் போட்டுறாத. கவ்விக்கிரும். அப்புறம் முன்னயும் போகாது, பின்னயும் வராது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா, அண்ணே?"

நாடகத்தன்று என் இடுப்புக் கயிற்றில் இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று இந்தப் பூட்டுக்கு, இன்னொன்று என் வீட்டுக்கு. வேஷம் கட்டும் அவசரத்தில், "வீட்டுச் சாவிய வச்சுக்க" என்று ஒன்றை உருவி மனைவி செல்லத்தாயிடம் கொடுத்தேன்.

கடைசிக் காட்சி வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் கூட மூக்கை உறிஞ்சினார்.

"அவிழ்த்து விடு அந்த வீரனை" என்றார் மன்னர்.

நான் மிடுக்காக நடந்துபோய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினேன். திரும்பவில்லை. இழுத்தேன். வரவில்லை.

"தாமதம் ஏன், காவலா?" என்று மன்னர் பல்லைக் கடித்தார்.

"மன்னா, சாவி கவ்விக்கொண்டது" என்றேன். (இது வாத்தியார் எழுதிய வசனம் அல்ல.)

காதர் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "மாப்ளே, மூக்கு அரிக்குதுப்பா. சீக்கிரம் தொற."

நான் காலை மேடையில் ஊன்றி இழுத்தேன். சங்கிலியோடு காதரும் வந்தான். சபையில் முக்கால்வாசிப் பேர் பூட்டுப் பட்டறைக்காரர்கள். சும்மா இருப்பார்களா?

"ஏலே, இடது பக்கம் அமுக்கித் திருப்பு."

"செத்த நேரம் ஆட்டிப் பாரு."

"அது செபஸ்தியான் பூட்டுடா. ஆட்டுனாலும் வராது."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, மூன்று மாதமாக என்னிடமே சத்தமாகப் பேசியறியாத செல்லத்தாய் எழுந்து நின்றாள். கையில் ஒரு சாவி.

"ஏங்க, ஜெயில் சாவி இங்க இருக்கு. அது நம்ம வீட்டுச் சாவிங்க."

ஹால் கூரை அதிர்ந்தது. மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

செபஸ்தியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். மன்னர் கடைசி முயற்சியாக, "யார் நீ?" என்று கேட்டார்.

"பூட்டுக்காரங்க. மகராசா கொஞ்சம் தள்ளி உக்காந்தா வெளிச்சம் வரும்."

மன்னர் தள்ளி உட்கார்ந்தார். காதரின் மூக்கைச் சொறிந்துவிட்டவாறு நான் நின்றேன். கம்பியும் அரமும் வைத்து நோண்டியதில், என் வீட்டுச் சாவி இரண்டாக உடைந்து வெளியே வந்தது. செல்லத்தாயின் சாவியை வாங்கிப் போட்டதும் பூட்டு 'ணங்' என்று திறந்தது. அன்றைக்கு விழுந்த கைதட்டல் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் குழுவுக்கு விழுந்ததில்லை.

ஹெட்மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஹாலைத் தந்துவிட்டார். "அடுத்த மாசமும் அந்தப் பூட்டுக்காரர் சீனைப் போடுங்க" என்று ஒரு நிபந்தனை மட்டும். செபஸ்தியான் அப்படித்தான் நடிகரானார். பத்து வருஷம் குழு ஓடியது. நான் பத்து வருஷமும் படுதா இழுத்தேன்.

அது போகட்டும். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனால், வீடு பூட்டியிருக்கிறது. சாவி இரண்டு துண்டாக என் சட்டைப் பையில். செபஸ்தியானே மறுபடி வந்து கதவைத் திறக்கும்வரை மாமனார் தெருவில் நின்றார். உள்ளே போகுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, கூத்தாடுறீகன்னுதான் கவலப்பட்டேன். இப்ப அந்தக் கவல இல்ல. அது உங்களுக்கு வரல."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இனிமே சாவிய நீ வச்சுக்க தாயி."

அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பு மாறவில்லை. எத்தனையோ வீடு மாறினோம். ஒரு வீட்டுச் சாவியும் என் கைக்கு வந்ததில்லை. பீரோ சாவியைக் கேட்டால் கூட, செல்லத்தாய் தலை நிமிராமல் கேட்கிறாள்:

"எதுக்கு? இப்ப யாரக் கட்டிப் போடணும்?"

இப்போது பேத்தியும் அதையே கேட்கப் பழகிவிட்டாள்.