பிடிகொடுக்காத பட்டன்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இணையப் பக்கம் அசையாமல் கிடப்பது பெருங்குறை என்று ஒரு திங்கட்கிழமை காலை கண்டறியப்பட்டது. ஊர்க் குழாய்களில் தண்ணீரும்தான் அசையவில்லை. ஆனால் அது பழைய விஷயம் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

கண்டறிந்தவர் இயக்குநர். ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம பக்கம் ஏன் செத்துக் கிடக்குது? இப்பல்லாம் எல்லாமே ஆடுது, குதிக்குது."

"சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கு சார். ரெண்டு வரி எழுதினா எதை வேணா நகர்த்தலாம்."

"அப்ப எல்லாத்தையும் நகர்த்து."

நகர்த்தினாள். முத்திரை சுழன்றது. அறிவிப்புகள் பக்கவாட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தன. படத்திலிருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்து துள்ளிய அழகில் அவளுக்கே நாக்கு வறண்டது.

"புகார் பட்டன் மட்டும் ஏன் சும்மா நிக்குது?" என்றார் இயக்குநர்.

"அது அமுக்குறதுக்கு சார்."

"அதுக்காக? பாகுபாடு கூடாதும்மா."

அம்புக்குறி கிட்டே வந்தால் பட்டன் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கும்படி எழுதினாள். நிற்பதில் துடிப்பில்லை என்றார் இயக்குநர். நிற்காமல் ஓட வைத்தாள்.

அந்த வாரம் ஒரு புகார்கூட வரவில்லை. 'பொதுமக்கள் முழுத் திருப்தி அடைந்துள்ளனர்' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கேடயம் வந்தது. பக்கத்து வரி அலுவலகத்தார் வந்து பார்த்து வியந்து, வரி கட்டும் பட்டன் நீங்கலாக மற்றதையெல்லாம் ஓடவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. குழந்தைக்கு வேற காய்ச்சல். புகார் குடுக்கலாம்னா உங்க பட்டன் கையில சிக்க மாட்டேங்குது. உங்க மாமா துரத்தித் துரத்தி மணிக்கட்டு பிசகி உக்காந்திருக்காரு!"

அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, யாரையும் கேட்காமல் அந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். பட்டன் நின்றது.

மறுநாள் அவள் உள்ளே நுழையும்போதே இயக்குநர் கையில் தாள்கள் கட்டாக இருந்தன. முகம் கடுகடுவென்றிருந்தது.

"உன் வேலைதானே இது? புகார் கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. படி!"

உள்ளூர ஒரு சந்தோஷத்தோடு வாங்கிப் படித்தாள்.

'பட்டன் ஏன் ஓடவில்லை? குடும்பத்தோடு துரத்திக்கொண்டிருந்தோம்.' 'பொழுதே போகவில்லை, உடனே ஓடவிடவும்.' 'இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் நன்று.'

கடைசித் தாள் வரை புரட்டினாள். தண்ணீர் என்ற சொல் எங்குமே இல்லை.

"மக்களோட தாகம் எதுன்னு இப்பப் புரியுதா?" என்றார் இயக்குநர்.

மாலைக்குள் பட்டன் ஓடத் தொடங்கியது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில், கொடுத்த மறுநாளே தீர்த்துவைக்கப்பட்ட முதல் புகார் அதுதான்.